வாக்குவம் கிளீனரில் அடைப்பு: உறிஞ்ச விடுவதா, ஊதுவதா, தள்ளுவதா?

மோட்டார் ஓடுகிறது, சத்தமும் வழக்கத்தைவிட அதிகம், தரையில் கிடக்கும் தூசி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் பலரும் செய்வது, கைக்கு அகப்பட்ட கம்பியை எடுத்துக் குழாய்க்குள் விட்டுக் குத்துவது. ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன. மெஷினையே இழுக்க விடலாம், காற்றைத் திருப்பி ஊதலாம், இன்னொரு மெஷினை வைத்து எதிர்ப்பக்கம் உறிஞ்சலாம், தண்ணீரில் அலசலாம், ஹோஸையே மாற்றலாம், எதுவும் முடியாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எது அடைத்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. அது தெரியாமல் இறங்கினால் பாதி நேரம் அடைப்பை இன்னும் இறுக்குவதிலேயே போய்விடும்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே போன பொருளைப் போன வழியாகவே வெளியே எடுப்பதுதான் வம்பு குறைந்த வழி. அடைத்துக்கொண்ட பொருள் அந்த இடம் வரைக்கும் தடையில்லாமல் வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள பாதை அதைத் தாங்கும் அளவு அகலமானது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? முன்னால் உள்ள பாதையோ ஒடுங்கியிருக்கலாம், வளைந்திருக்கலாம், அங்கே ஏற்கெனவே வேறு ஏதாவது சிக்கியிருக்கலாம். கீழே வரும் வழிகளை எல்லாம் இந்த ஒரு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில், அடைப்புதானா?

இதை மெஷினின் சத்தமே பாதி சொல்லிவிடும். காற்று போக வழியில்லாதபோது உள்ளே இருக்கும் விசிறிக்குத் தள்ளுவதற்குக் காற்றே கிடைப்பதில்லை. வேலை குறைந்ததும் அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, சத்தம் கீச்சென்று ஏறுகிறது. மோட்டார் திணறுகிறது என்று பலரும் நினைக்கும் அந்தச் சத்தம் உண்மையில் சுமை குறைந்த சத்தம். ஆனால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவற்றில் உறிஞ்சும் காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்று நின்றால் மோட்டார் சூடேறும். ஒரு கட்டத்தில் வெப்பத் தடுப்பு விழுந்து மெஷின் தானாக நின்றுவிடும். அப்படி நின்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பிறகுதான் மறுபடி ஓடும். சில மெஷின்களில் இதற்கெனவே ஒரு சின்ன வால்வு உண்டு. அடைப்பு வந்தால் அது திறந்து விசில் அடிக்கும். சார்ஜ் போட்டு ஓடும் கைமெஷின்களில் மோட்டார் ஒரு நொடி ஓடி ஒரு நொடி நின்று துடிப்பதும் பல மாடல்களில் இதே சேதிதான்.

சத்தம் ஏறவே இல்லை, ஆனால் உறிஞ்சும் சக்தி மட்டும் குறைந்திருக்கிறது என்றால், அடைப்பைத் தேடாமல் ஓட்டையைத் தேடுங்கள். பை வைக்கும் மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம், ரப்பர் வளையம் விலகியிருக்கலாம், ஹோஸ் கைப்பிடிக்கு அருகே கிழிந்திருக்கலாம். இவற்றையெல்லாம்விட அதிகமாக நடப்பது ஒன்று உண்டு. கைப்பிடியில் திரைச்சீலை துடைப்பதற்காக உறிஞ்சலைக் குறைக்கும் ஒரு சின்னத் தள்ளுகதவு இருக்குமே, அதை யாரோ திறந்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அதற்குக் கம்பி தேவையில்லை, கட்டைவிரல் போதும்.

அடைப்புதான் என்று தெரிந்தால், எந்தப் பகுதியில் என்று பார்க்க வேண்டும். ஹோஸை உடலிலிருந்து கழற்றிவிட்டு மெஷினை ஓட்டி, அந்த வாயில் உள்ளங்கையை வையுங்கள். கை இழுபட்டு ஒட்டிக்கொண்டால் உடல், பை, ஃபில்டர் எல்லாம் நலம். குற்றவாளி ஹோஸிலோ பைப்பிலோ தரைப் பிரஷிலோ இருக்கிறது. உள்ளங்கையில் ஒன்றுமே தெரியாவிட்டால் ஹோஸைக் குத்திப் பிரயோஜனமில்லை, பையையும் ஃபில்டரையும் பார்க்கலாம். முதல் வகை என்றால் ஹோஸை மாட்டிக் கைப்பிடியில் கை வைத்துப் பாருங்கள், பிறகு பைப்பை மாட்டி அதன் நுனியில், கடைசியில் பிரஷை மாட்டி. எந்தத் துண்டை மாட்டியதும் இழுப்பு செத்துப்போகிறதோ அதில்தான் அடைப்பு. பை நிறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். அது உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைத்தான் பார்க்கிறது. ஹோஸ் அடைத்தாலும் அது சிவக்கும். பையை மாற்றிய பிறகும் சிவப்பு போகவில்லை என்று இரண்டாவது பையையும் மாற்றுகிறவர்கள் உண்டு.

இந்தச் சோதனைக்கும், காற்றால் அடைப்பை எடுக்கும் வழிகளுக்கும் மட்டும்தான் கரண்ட். இதற்குப் பிறகு விரலோ குச்சியோ உள்ளே போகும் எந்த வேலைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பிரஷ் ரோலர் திடீரென்று சுற்றினால் விரலை விடாது.

மெஷினையே இழுக்க விடுவது

செலவில்லாதது, கை அழுக்காகாதது, அதனால் எல்லோரும் முதலில் இதைத்தான் முயல்கிறார்கள். ஓடும் மெஷினின் குழாய் நுனியை உள்ளங்கையால் மூடி, சட்டென்று எடுத்து, மறுபடி மூடி, மறுபடி எடுப்பது. இன்னொரு கையால் ஹோஸை இழுத்து நீட்டியும் சுருக்கியும் விடலாம்.

இதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு வாக்குவம் கிளீனர் வழியை முழுக்க மூடினால் சுமார் 20 கிலோபாஸ்கல் வரை உறிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் உயரத் தண்ணீர் நிரலின் எடைக்கு அது சமம். ஹோஸின் உள்விட்டம் 32 மில்லிமீட்டர் என்றால் அதன் வாய்ப் பரப்பு சுமார் 8 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,600 கன சென்டிமீட்டர் தண்ணீர், அதாவது 1.6 கிலோ. அடைப்பின் மேல் அந்த மெஷினால் போடக்கூடிய இழுப்பு மொத்தமே அவ்வளவுதான். ஒன்றரை கிலோ சொச்சம்! ஒரு குழந்தை ஒரு விரலால் இதைவிட அதிகமாக அழுத்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடைப்பு விழுந்த கணத்திலிருந்தே மெஷின் அந்த முழு இழுப்பையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு நகராதது இன்னும் பத்து நிமிடம் ஓட்டினாலும் நகராது, மோட்டார்தான் சுடும். கையை மூடி எடுப்பதில் கிடைக்கும் ஒரே லாபம் அந்த உலுக்கல். தூசியும் முடியும் மட்டும் சேர்ந்த மெத்தென்ற உருண்டை என்றால் உலுக்கலுக்கே அவிழ்ந்து பைக்குள் போய்விடும். அதனால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முயன்று பார்ப்பதில் தப்பில்லை. பல்குச்சி, ஹேர்பின், பேனா மூடி, மடங்கிய அட்டைத் துண்டு மாதிரி விறைப்பான ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். அவற்றை மேலும் உள்ளே இழுப்பது நமக்கு எதிரான வேலை.

காற்றைத் திருப்புவது

எனக்குப் பிடித்த வழி இது, வசதி இருந்தால். படுக்கை வச உருளை மெஷின்கள் சிலவற்றிலும், ஈரம் உறிஞ்சும் டிரம் மெஷின்களில் நிறையவற்றிலும் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் ஹோஸை மாட்ட ஒரு வாய் இருக்கும். ஹோஸின் மெஷின் பக்கத்து முனையை அங்கே மாட்டினால் காற்று தானாகவே எதிர்த்திசையில் ஓடும். அடைப்பு வந்த வழியே திரும்பும். இழுப்பதும் ஊதுவதும் அதே விசிறிதான் என்பதால் விசை பெரிதாக மாறப்போவதில்லை, அதே ஒன்றரை கிலோ சொச்சம்தான். திசை மாறியதே இங்கே ஆதாயம். குறுக்கே மாட்டிய குச்சி, முன்னால் தள்ளும்போது இன்னும் அகலமாக முட்டிக்கொள்ளும். பின்னால் தள்ளினால் சாய்ந்து கொடுத்துவிடும்.

ஊதும் முன் ஹோஸின் மறுமுனையைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு லேசாகக் கட்டிக்கொள்ளுங்கள். துணி காற்றை விடும், தூசியைப் பிடிக்கும். பிளாஸ்டிக் கவர் என்றால் பலூனாக ஊதி, வெடித்து, அறை முழுக்க மாவு பூசியது போலாகும். முடிந்தால் வெளியில் வைத்துச் செய்வது நல்லது. முனையை முகத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தபடி மட்டும் ஊதாதீர்கள்.

ஊதும் வாய் இல்லாத மெஷின் என்றால் இன்னொரு வாக்குவம் கிளீனர் கிடைக்குமா என்று பாருங்கள். அடைத்த ஹோஸை அதன் சொந்த மெஷினிலிருந்து கழற்றி, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, கைப்பிடிப் பக்கத்தில் இரண்டாவது மெஷினின் ஹோஸை வைத்து, இடைவெளியில் ஒரு துணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்து ஓட்டினால் போதும். வேலை அதேதான், அடைப்பு பின்பக்கமாக வெளியே வரும். வந்த உருண்டை நேராக இரண்டாவது ஹோஸுக்குள் போய் அங்கே உட்கார்ந்துகொண்டால்? அதன் வாயில் வலை மாதிரி மெல்லிய துணியை இழுத்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டு மெஷின் உள்ள வீடு குறைவு, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கத் தயங்குகிறவர்கள் அதிகம் என்பது தெரியும். ஆனாலும் ஹோஸுக்கு ஒரு கீறல்கூட விழாத வழி இது.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸ்ஸரால் ஊதினால் இன்னும் சுலபமாகுமே என்று தோன்றும். வேண்டாம். அது 6 பார், அதாவது 600 கிலோபாஸ்கல் அளவில் காற்று தருகிறது. அந்த அழுத்தம் முழுதாக ஹோஸில் ஏறிவிட்டால், அதே 8 சதுர சென்டிமீட்டர் பரப்பில் கிட்டத்தட்ட 49 கிலோ விசை. உறிஞ்சலுக்காகச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்குவதற்கில்லை. தாங்கினாலும், விடுபடும் ஹேர்பின் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

தள்ளி எடுப்பது

காற்றுக்கு அசையாததைக் கையால்தான் எடுக்க வேண்டும். இங்கே நேரான பைப்பும் வளையும் ஹோஸும் வேறு வேறு கதை.

பைப் என்றால் பிரச்சினையே இல்லை. உலோகமோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ, டார்ச் அடித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும். மாப் குச்சியோ துடைப்பக் கம்போ, நுனி மழுங்கியதாக, பைப்பைவிடச் சற்று ஒல்லியாக ஒன்று போதும். கைப்பிடி மாட்டும் பக்கத்திலிருந்து விட்டு, தரைப் பிரஷ் மாட்டும் பக்கமாகத் தள்ளுங்கள். திசையை மறந்துவிட வேண்டாம். நீளம் கூட்டிக் குறைக்கும் பைப்பில் உள்ளே ஒரு படி இருக்கும். சின்னக் குழாய் பெரிய குழாய்க்குள் நுழையும் அந்த விளிம்பில்தான் முடி முதலில் மாட்டும், அதன்மேல் மற்றவை சேரும். முழுக்க நீட்டி வைத்துத் தள்ளினால் படி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஹோஸுக்கு நேர்க்குச்சி உதவாது. அதனால்தான் எல்லோரும் துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி விடுகிறார்கள். இந்த வழிக்கு ஊரெல்லாம் சிபாரிசு இருக்கிறது, எனக்கு மட்டும் ஒப்பவில்லை. ஹோஸின் சுவர் இரண்டு சுருள்களுக்கு நடுவே காகிதம் மாதிரி மெல்லியது. வெட்டிய கம்பியின் நுனி அதில் ஊசி போடுவது போல இறங்கும். அடைப்பு போய்விடும், ஓட்டை நிரந்தரமாகும். அதன்பிறகு உறிஞ்சல் ஏன் குறைவாகவே இருக்கிறது என்று மாதக்கணக்கில் தேட வேண்டியதுதான். மோட்டாரால் சுற்றும் பவர் பிரஷுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஹோஸ் என்றால் சுவருக்குள்ளேயே மின்கம்பி ஓடுகிறது; முனையில் உலோகப் பின்கள் தெரிந்தால் அது அந்த ரகம். அதற்குள் கம்பி விடவே கூடாது. சாதாரண ஹோஸ்தான், கையில் ஹேங்கர் கம்பி தவிர வேறு கருவி எதுவும் இல்லை என்ற நிலையில், நுனியை மடக்கிச் சின்ன வளையமாக்கி, அதன்மேல் டேப் சுற்றி, கைக்கு எட்டும் தூரத்து அடைப்பை மட்டும் கொக்கி போட்டு இழுக்கலாம். அதுவும் முனையிலிருந்து பார்த்தால் தெரியும் அடைப்புக்கு மட்டும்.

ஹேங்கரைவிடப் பல மடங்கு நல்ல கருவி தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸ். வளையும், ஆனால் மடங்காது. நுனி மழுங்கியது. தடிமனும் வாக்குவம் ஹோஸுக்குள் தாராளமாகப் போகும் அளவு. வாக்குவம் ஹோஸைத் தரையில் நேராக நீட்டிப் போட்டு, ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ள, மெஷின் பக்கத்திலிருந்து தோட்டத்து ஹோஸை விட்டுக்கொண்டே போனால் ஓரிடத்தில் முட்டும். அங்கே ஓங்கிக் குத்தாமல், சின்னச் சின்னதாக முன்னும் பின்னும் ஆட்டி அழுத்துங்கள். உருண்டை நகர ஆரம்பித்ததும் கையிலேயே தெரியும். உள்ளே தண்ணீர் தங்கிய ஹோஸாக இருந்தால் முதலில் வடித்துவிடுவது முக்கியம். ஈரம் பட்ட தூசி சேறாகிச் சுருள்களுக்குள் பிடித்துக்கொள்ளும்.

சாக்கடை அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் கம்பியும் இதே வேலைக்கு ஆகும். அதன் நுனியில் கூரான திருகு இருந்தால் அது ஹேங்கரின் அண்ணன், விலகியிருங்கள். நுனியில் உருண்டையோ சின்னப் பிரஷோ உள்ள ரகம் நல்லது. முடி உருண்டைக்கு மட்டும் அந்தத் திருகுநுனிக்கு ஒரு ஆதாயம் உண்டு, அது முடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். ஹோஸின் வாயருகே இருக்கும் முடிக்கு, மெதுவாகச் சுழற்றி, அப்படிப் பயன்படுத்தலாம்.

அடைப்பு ஹோஸில் எந்த இடத்தில் என்று தெரியாமல் தள்ளுவதைவிட, ஒரு நாணயத்தை உள்ளே போட்டு ஹோஸை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். சுருள்களின்மேல் அது கடகடவென்று உருண்டு வரும் சத்தம் கேட்கும். எங்கே சத்தம் சட்டென்று நிற்கிறதோ அதுதான் இடம். அங்கே இரண்டு விரலால் ஹோஸைப் பிசைந்தால் உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்படும். சில சமயம் வெளியிலிருந்து அப்படிப் பிசைந்து விடுவதிலேயே உருண்டை உடைந்துவிடும், எந்தக் கருவியும் தேவைப்படாது. நாணயம் மாட்டிக்கொள்ளுமே என்ற பயம் வேண்டாம். அடைப்பு வரும்போது அதுவும் வரும்.

அப்படி வெளியே வரும் உருண்டையைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள், கையுறையோடு. நடுவில் பெரும்பாலும் ஒரு எலும்பு இருக்கும்: குறுக்காகப் போன ஒரு பல்குச்சி, பாதி திறந்த ஊக்கு, விளக்குமாற்றின் உடைந்த ஈர்க்கு. அதில் ஒரு நீளமான முடி மாட்டுகிறது, முடியில் நூல் மாட்டுகிறது, அவற்றின் இடுக்கில் மெல்லிய தூசி இறங்கி இறங்கிக் கம்பளித்துணி மாதிரி இறுகிவிடுகிறது. அந்த எலும்பு கிடைத்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வெறும் தூசியும் முடியும் மட்டும் வந்து, எலும்பு வரவில்லை என்றால் அது இன்னும் உள்ளே இருக்கலாம். அப்படி இருந்தால் சீக்கிரமே அதே இடத்தில் புது உருண்டை கட்டும்.

எங்கே மாட்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்

முதலில் பார்க்க வேண்டியது தரைப் பிரஷின் கழுத்து. அகலமான வாய் குறுகி, திரும்பும் மூட்டு உள்ள இடம் அதுதான். அடுத்து, கைப்பிடியின் வளைவு. அதற்கடுத்து, ஹோஸ் உடலுக்குள் நுழையும் முழங்கை. ஹோஸின் நட்டநடுவில் அடைப்பது இவற்றைவிடக் குறைவு. கழுத்தில் மாட்டியதை இரண்டு விரலாலோ நீள இடுக்கியாலோ எடுத்துவிடலாம், மேலே சொன்ன எதுவுமே வேண்டாம். நின்றபடி தள்ளும் மெஷின்களில் பிரஷுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹோஸ் ஒளிந்திருக்கும். பெரிய ஹோஸைக் குடைந்து அலுத்துப்போனவர்கள் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ரோபோ மெஷின் என்றால் தூசி டப்பாவை உருவிவிட்டு, ரோலரிலிருந்து டப்பாவுக்குப் போகும் வாயைப் பாருங்கள். தானே காலி செய்துகொள்ளும் ஸ்டாண்டு உள்ளவற்றில் அந்த ஸ்டாண்டின் அடித்தடமும் சந்தேகத்துக்குரியது.

பிரஷ் ரோலரில் சுற்றிய முடி காற்று வழியை அடைக்காவிட்டாலும் வேலையைக் கெடுக்கும். கத்தியைவிடத் தையல் பிரிக்கும் சின்னக் கொக்கி நல்லது. ரோலரின் நீளவாக்கில் உள்ள பள்ளத்தில் ஓட்டினால் முடி மட்டும் அறும். இரு முனை மூடிகளையும் கழற்றிப் பார்க்காமல் விட்டால் அங்கே சுற்றிய முடி உரசி, சூடேறி, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

தண்ணீரில் அலசுவது

அடைப்பு எடுக்கும் முறையாக இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தண்ணீர் பட்டால் தூசி உருண்டை ஊறி இன்னும் கனமாகும், காகிதம் கூழாகும். அடைப்பை எடுத்த பிறகு ஹோஸின் உள்சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கையும் நாற்றத்தையும் போக்க ஒருமுறை அலசுவது வேறு விஷயம். மின்கம்பி ஓடும் ஹோஸை அதற்கும் நனைக்கக் கூடாது. மற்றதை நனைத்தால் குறைந்தது ஒரு முழு நாளாவது தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். சுருள்களின் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வெளியில் தெரியாது. ஈரத்தோடு மாட்டினால் அடுத்த அடைப்புக்கு அதுவே அஸ்திவாரம்.

பையும் ஃபில்டரும் அடைத்திருந்தால்

இது வேறு வகை அடைப்பு, குச்சியால் தீராது. சிமெண்ட் பூச்சுத் தூள், சாம்பல், மாவு, கம்பளத்தில் தூவும் வாசனைப் பொடி மாதிரி நுண்ணிய எதையாவது உறிஞ்சினால் பை பாதிகூட நிறையாத நிலையிலேயே அதன் துளைகள் மூடிக்கொள்ளும். பார்த்தால் இடம் இருக்கிறது, காற்றுதான் போகவில்லை. அப்படிப்பட்ட காகிதப் பையைக் காலி செய்து மறுபடி போடுவதில் அர்த்தமில்லை, மாற்றுவதுதான் வழி.

ஃபில்டரில் தட்டுவதா, கழுவுவதா, மாற்றுவதா என்பதை அதன்மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதே முடிவு செய்யும். கழுவலாம் என்று போட்டிருந்தால் குளிர்ந்த தண்ணீரில், சோப்பு இல்லாமல், நீர் தெளியும் வரை அலசி, 24 மணி நேரமாவது நிழலில் காய விட வேண்டும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடித்தால் சட்டம் நெளியும். அரைகுறையாகக் காய்ந்த ஃபில்டர் மோட்டாருக்குள் ஈரத்தை அனுப்பும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரை, கழுவச் சொல்லாதபோது கழுவினால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் அதன் நார்ப் பின்னல் கெட்டு, பிடிக்க வேண்டிய தூசியை வெளியே விடும். அதைக் குப்பைத்தொட்டி விளிம்பில் மெதுவாகத் தட்டலாம், அதற்குமேல் மாற்றுவதுதான்.

பை இல்லாத சுழற்சி மெஷின்களில் டப்பாவில் போட்டிருக்கும் அதிகபட்சக் கோட்டைத் தாண்ட விடுவதுதான் பெரும்பாலான தொல்லைக்கு ஆரம்பம். நடுவில் இருக்கும் சல்லடையில் பஞ்சு ஒட்டியிருந்தால் உலர்ந்த பிரஷால் தேயுங்கள். அதற்கு மேலே இருக்கும் கூம்புகளைத் தண்ணீரில் முக்குவது பல மாடல்களில் கூடாத வேலை, உள்ளே போன நீர் வெளியே வர வழியே இல்லை.

எப்போது கைவிடுவது

அடைப்பை எடுத்தாகிவிட்டது, ஃபில்டரும் சுத்தம், ஹோஸைக் கழற்றி உள்ளங்கை வைத்தாலும் இழுப்பு இல்லை என்றால் கோளாறு விசிறிப் பக்கம் இருக்கிறது. கருகல் வாடை, மோட்டார் பக்கம் கரகரப்பு, அடைப்பே இல்லாமல் அடிக்கடி சூடாகி நிற்பது, இவற்றுக்கு மெக்கானிக்தான். உடலைத் திறந்து மோட்டாரில் கை வைப்பதை நான் வீட்டு வேலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

அடைப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? அந்த இடத்தில் ஹோஸ் உள்ளே மடிந்திருக்கும், அல்லது சுவர் கிழிந்து உரிந்து முடியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் குடைவதைவிட ஹோஸை மாற்றுவது மேல். கிழிசல் கைப்பிடியை ஒட்டி இருந்தால், அநேகமாக அங்கேதான் இருக்கும், மாற்றும் முன் இன்னொன்றும் முயலலாம். மின்கம்பி இல்லாத பல ஹோஸ்களில் முனை மூடி சுருளின்மேல் மரையாகத் திருகி மாட்டியிருக்கும். அதைச் சுழற்றிக் கழற்றி, கிழிந்த துண்டைக் கத்தியால் சுருளை ஒட்டி வெட்டிவிட்டு, மறுபடி திருகினால் சாண் அளவு குட்டையான, ஆனால் முழு ஹோஸ் கிடைக்கும். சில மூடிகள் வழக்கத்துக்கு எதிராகச் சுழலும். ஒரு பக்கம் வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் அது பசை போட்டு ஒட்டிய ரகம், புது ஹோஸ் வாங்க வேண்டியதுதான்.